ஈரலைப் புண்ணாக்குவது யார்? மஞ்சள் காமாலை பற்றி ஒரு தொடக்கப் பாடம்

உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி, பற்றிய பாடம் தொடங்கும் அன்று, கரும்பலகையில் இரண்டு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களை எழுதிப் போடுவது என் வழக்கம். இரண்டும் நான் இட்டுக்கட்டியவைதான். ஆனால் நுவரெலியாவிலோ பதுளையிலோ எந்த லேப்பிலிருந்தும் இப்படி இரண்டு தாள்கள் ஒரே நாளில் வெளியே வரலாம்.

முதல் தாள், கொழும்பில் கடை வேலைக்குப் போய் ஊர் திரும்பிய 24 வயது இளைஞனுடையது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் பொசிட்டிவ். எஸ்.ஜி.பி.டி. 1,640. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 9. கண் மஞ்சள், சிறுநீர் சாயத் தண்ணி நிறம், சோற்றைக் கண்டாலே குமட்டல். இரண்டாவது தாள், கொழுந்து பறிக்கும் 41 வயது அம்மா ஒருவருடையது. அதிலும் அதே புரதம் பொசிட்டிவ். ஆனால் எஸ்.ஜி.பி.டி. வெறும் 24. உடம்பில் ஒரு குறையும் இல்லை. கோயில் திருவிழாவோடு நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தார். அப்புறம் இரத்த வங்கியிலிருந்து வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்படித்தான் விஷயமே தெரிந்தது.

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் கலத்துக்குள் இருக்கவேண்டிய ஒரு நொதியம். கலம் உடைந்தால் அது இரத்தத்தில் கசியும். சாதாரணமாக 40க்குள் நிற்கும். 1,640 என்றால் ஈரல் கலங்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துகொண்டிருக்கின்றன. 24 என்றால் சொல்லும்படியாக ஒன்றும் உடையவில்லை.

"யாருடைய நிலைமை மோசம்?" என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் அந்த இளைஞனைத்தான் காட்டும். ஆறு மாதம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் எழுதுவேன். பெரும்பாலும் அவனுக்கு வைரஸ் நெகட்டிவ் ஆகியிருக்கும், எஸ்.ஜி.பி.டி. இறங்கியிருக்கும், ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். அந்த அம்மாவுக்கு இன்னும் பொசிட்டிவ். அடுத்த வருடமும் பொசிட்டிவ்தான். பத்து, இருபது வருடம் கழித்து ஈரல் சுருங்கிப்போகும் ஆபத்தும் ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் அவருக்குத்தான்.

அந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்போ சேர், வைரஸ் ஈரலைத் தின்கிறதில்லையா?"

தின்பதில்லை. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ஈரல் கலத்துக்குள் புகுந்து உட்கார்ந்து தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கலத்தைப் பெரிதாக நோகடிப்பதில்லை. கலத்தை உடைப்பது நம்முடைய நிர்ப்பீடனத் தொகுதி. ஹெப்படைட்டிஸைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிடும். இதை உறுதிப்படுத்தவே பல ஆய்வாளர்களுக்கு ஆயுளில் பாதி போயிருக்கிறது. அவர்களுடைய வழியாகவே போய்ப் பார்ப்போம்.

அதற்கு முன், குழப்பம் வராமலிருக்க ஒரு சின்ன வகைப்பாடு. மஞ்சள் காமாலை, அதாவது செங்கண்மாரி, ஓர் அறிகுறி மட்டுமே. எலிக்காய்ச்சலிலும் வரும், பித்தப்பையில் கல் அடைத்தாலும் வரும், குடியாலும் வரும். வைரஸால் வருவதில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து. ஏயும் ஈயும் மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும். பியும் சியும் இரத்தத்தால் பரவும். பி உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். டி தனியாக நிற்கமுடியாத ஒன்று, பி வைரஸின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். 1977இல் இத்தாலியில் மரியோ ரிசெட்டோ கண்டுபிடித்தார். ஈயைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் குமட்டும். சோவியத் ஆய்வாளர் மிகயில் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்தெடுத்ததைத் தானே விழுங்கி, தனக்குக் காமாலை வரவைத்துக்கொண்டு, தன் மலத்தில் அந்த வைரஸைக் கண்டு 1983இல் எழுதினார். இன்று எந்த ஒழுக்கக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது. ஈ சாதாரண ஆளுக்குத் தானாகவே ஆறிவிடும், ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு உண்டு. ஆகவே தோட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், மிட்வைஃப் மிஸ்ஸி கிளினிக்குக்கு வரும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஏ நமக்குப் பழக்கமானது. 2007இல் கம்பளையில் பெரிய அளவில் பரவியது ஹெப்படைட்டிஸ் ஏதான். இதில் ஒரு வினோதம் உண்டு. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஏ வந்தாலும் மஞ்சளே தெரியாது. லேசாகக் காய்ச்சல் அடித்துவிட்டுப் போய்விடும், ஆயுள் முழுக்க எதிர்ப்பும் கிடைத்துவிடும். அதே வைரஸ் முப்பது வயதுக்காரனுக்கு வந்தால் மாதக் கணக்கில் படுக்கவைத்துவிடும். வைரஸ் மாறவில்லை, அதற்குப் பதில் கொடுக்கும் உடம்புதான் மாறியிருக்கிறது. எல்லோரும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, மேலே உள்ள லயத்தின் கழிவு அந்த ஊற்றில் கலந்துகொண்டிருந்தால் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்து போய்விடும். தண்ணீர் பாதி திருந்திய இடத்தில் பிள்ளைகள் தப்பி வளர்ந்து, பெரியவர்களான பிறகு ஒரு நாள் மாட்டிக்கொள்வார்கள். அதற்காகப் பழைய பீலியே மேல் என்று யாரும் வாதாடவேண்டாம். முழுதாகத் திருத்தவேண்டும் என்பதுதான் கணக்கு.

சரி, பிக்கு வருவோம்.

பி வைரஸைக் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பெர்க். 1925 ஜூலை 28இல் நியூயோர்க்கில் பிறந்தவர். உலக ஹெப்படைட்டிஸ் தினம் ஜூலை 28இல் வருவதற்கு அவர் பிறந்தநாள்தான் காரணம். மருத்துவ மாணவராக இருந்தபோது, 1950 வாக்கில், தென் அமெரிக்காவின் சுரினாமில் மொயெங்கோ என்ற சுரங்க ஊரில் சில மாதம் வேலை செய்தார். நம் ஆட்களுக்கு இந்த இடம் சுவையாக இருக்கும். கரும்புத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரர்கள் பல தேசத்து ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய நாடு அது. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், ஜாவாக்காரர், சீனர், 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர். நம் பாட்டன்மார் கங்காணி பின்னால் மன்னார் வழியாக நடந்த அதே நூற்றாண்டுக் கதையின் இன்னொரு கிளை. எல்லோரும் ஒரே ஊரில், ஒரே நுளம்புக் கடியில் இருந்தார்கள். ஆனால் யானைக்கால் நோய் எல்லாக் கூட்டத்தையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. ஏன் என்ற கேள்வி பிளம்பெர்க்கைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் உடம்பின் பதில் ஏன் வித்தியாசப்படுகிறது என்பதையே அவர் அதன்பிறகு தேடினார். ஹெப்படைட்டிஸைத் தேடி அவர் போகவே இல்லை.

உலகம் முழுக்கப் பல இனத்தவரின் இரத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரத்தப் புரதங்களில் பரம்பரை வித்தியாசங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். அதற்கு அவர் பிடித்த வழி எளிமையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. பலதடவை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் உடம்பு, தனக்குப் பழக்கமில்லாத புரதங்களுக்கெல்லாம் பிறபொருளெதிரி, அதாவது அவற்றைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், செய்து வைத்திருக்கும். அந்த ஆளின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, ஜெலியில் ஒரு குழியில் விட்டு, சுற்றியுள்ள குழிகளில் மற்றவர்களின் சீரத்தை விட்டால், பிறபொருளெதிரியும் அதற்குரிய புரதமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும். 1963 வாக்கில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் சீரத்தை 24 பேரின் சீரத்தோடு வைத்துப் பார்த்தபோது, ஒன்றே ஒன்றில் மட்டும் கோடு விழுந்தது. அது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடைய சீரம். அதனால் 'ஆஸ்திரேலியா அன்டிஜன்' என்று பெயர் வைத்தார்கள். 1965இல் கட்டுரையும் வந்தது. ஆனால் அது என்ன என்று அவர்களுக்கே தெரியாது. பரம்பரையாக வரும் ஏதோ ஒரு புரதம் என்றுதான் நினைத்தார்கள்.

விடை ஆய்வகத்துக்குள்ளிருந்தே வந்தது. அங்கே வேலை செய்த பார்பரா வெர்னர் என்ற பெண்ணுக்கு 1967இல் உடம்பு சரியில்லாமல் போனது. தன் இரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்தார். அதுவரை நெகட்டிவாக இருந்தவருக்கு இப்போது கோடு விழுந்தது, பின்னாலேயே காமாலையும் வந்தது. பரம்பரைப் புரதம் திடீரென்று ஒரு வாரத்தில் முளைக்காது. அது வைரஸின் உறைப் புரதம். இரத்த வங்கிகளில் அந்தப் புரதத்தைப் பார்த்து இரத்தத்தை விலக்கும் வழக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. அந்த அம்மாவுக்கு வந்த கடிதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வைரஸ் தன் உறையை வெற்று உருண்டைகளாக ஏராளமாக இரத்தத்தில் கொட்டும். அதைச் சுத்தம் செய்து எடுத்தால் தடுப்பூசி. முதல் ஊசி 1981இல் அனுமதி பெற்றது. 1986 முதல் ஈஸ்டில் வளர்த்த புரதம் வந்தது, யாருடைய இரத்தமும் தேவைப்படவில்லை. பிளம்பெர்க்குக்கு 1976இல் நோபல்.

ஆனால் நம் கேள்வி அப்படியே நிற்கிறது. வைரஸைக் கண்டுபிடித்தாயிற்று. ஈரலை உடைப்பது யார்?

இதற்கு ஈரல் எப்படிப்பட்ட உறுப்பு என்று தெரியவேண்டும். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து ஈரல் வாயினாளம் வழியாக வருகிறது. நாம் சாப்பிடும் ரொட்டி, சம்பல், கருவாடு எல்லாவற்றின் துணுக்குகளும், குடலில் வாழும் பக்டீரியாக்களின் உதிரிகளும் அதோடு வரும். இவை எல்லாமே உடம்புக்கு அந்நியப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நிர்ப்பீடனத் தொகுதி கிளர்ந்தெழுந்தால் மூன்று வேளையும் ஈரல் வீங்கவேண்டியதுதான். அதனால் ஈரல் இயல்பிலேயே பொறுத்துப்போகும் உறுப்பு. கோயில் அன்னதானப் பந்தியில் உட்காருகிறவனை யார், எந்தத் தோட்டம் என்று கேட்பதில்லையே, அப்படி. பசியாறிப் போகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. தங்கிவிட நினைத்து வருகிறவனுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு.

இது வெறும் ஊகமில்லை. 1969இல் கேம்பிரிட்ஜில் ரோய் கேல்னும் அவர் கூட்டாளிகளும் ஒரு பன்றியின் ஈரலை இன்னொரு பன்றிக்குப் பொருத்தினார்கள். வேறு உறுப்பாக இருந்தால் சில நாளில் உடம்பு அதை நிராகரித்துவிடும். ஈரலைப் பல பன்றிகள் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தே இல்லாமல் ஏற்றுக்கொண்டன. அதைவிட ஆச்சரியம், அந்த ஈரலைக் கொடுத்த பன்றியின் மற்ற உறுப்புகளையும் அவை சகித்துக்கொண்டன. ஈரல் தான் பொறுமையாக இருப்பதோடு நிற்காமல், உடம்புக்கே பொறுமையைச் சொல்லிக்கொடுக்கிறது.

இப்போது அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தின் பிராங்க் கிசாரியிடம் வருவோம். ஒரு வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரே கேள்வியில் போட்டவர் என்று அவரைச் சொல்லலாம். அவருக்கு முதல் தடை, பி வைரஸ் எலிக்குத் தொற்றாது. மனிதனுக்கும் சிம்பன்சி போன்ற சில பிராணிகளுக்கும்தான் தொற்றும். ஆகவே 1980களில் அவர் குழு வைரஸின் ஜீன்களை எலியின் கருவிலேயே சேர்த்துவிட்டது. பிறக்கும் எலியின் ஈரல் கலங்கள் தாமே வைரஸ் புரதத்தைச் செய்யும். அந்த எலிகளுக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கூட்டில் ஓடியாடித் திரிந்தன. எலியின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு அது பிறவியிலிருந்தே இருக்கும் புரதம், சொந்தப் புரதம். பிறகு, அந்த வைரஸ் புரதத்தை அடையாளம் காணப் பழக்கப்பட்ட டி கலங்களை (தொற்றிய கலங்களைத் தேடித் தாக்கும் ஒரு வகை வெண்குழியங்கள்; டி வைரஸுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை) வெளியிலிருந்து ஊசி மூலம் ஏற்றினார்கள். சில மணி நேரத்திலேயே ஈரல் வீங்கத் தொடங்கியது, நொதியம் இரத்தத்தில் ஏறியது, கலங்கள் செத்தன. வைரஸ் புரதம் மட்டும் இருந்தபோது இல்லாத நோய், டி கலம் வந்ததும் வந்தது. பலகையில் எழுதிய இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே எலிக் கூட்டில்!

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நிர்ப்பீடனத்தை வில்லனாக்கிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அது அநியாயம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனித ஈரலில் சுமார் பத்தாயிரம் கோடி கலங்கள். பி வைரஸ் அதில் ஏறக்குறைய அத்தனையிலும் புகுந்துவிடக்கூடும். வைரஸை விரட்ட ஒவ்வொரு கலத்தையும் கொன்றுதான் ஆகவேண்டும் என்றால், குணமாகும் ஆளுக்கு ஈரலே மிஞ்சாது. ஆனால் அந்த இளைஞன் நன்றாகத்தானே எழுந்து வேலைக்குப் போகிறான்? ஆகவே கொல்லாமல் துடைக்கும் வழி ஒன்று இருக்கவேண்டும்.

1996இல் கிசாரியின் குழுவில் இருந்த லூக்கா குயிடோட்டி அதை எலியில் காட்டினார். டி கலங்கள் சில ஈரல் கலங்களைக் கொல்கின்றன, அது உண்மை. அதோடு இன்டர்பெரோன் காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களையும் சுற்றி விடுகின்றன. அந்தச் சமிக்ஞை கிடைத்த பக்கத்துக் கலங்கள், தாம் சாகாமலே உள்ளிருக்கும் வைரஸைத் துடைத்துப்போடுகின்றன. 1999இல் உண்மையாகவே தொற்றிய சிம்பன்சிகளிலும் இதே காட்சி: வைரஸின் பெரும்பகுதி மறைந்த பிறகுதான் ஈரல் உடைவு உச்சத்துக்கு ஏறியது. என்னைக் கேட்டால் ஹெப்படைட்டிஸ் ஆராய்ச்சியிலேயே அழகான கண்டுபிடிப்பு இதுதான், நோபல் கிடைத்ததோ இல்லையோ.

டி கலம் ஈரலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை குயிடோட்டி 2015இல் உயிருள்ள எலியின் ஈரலில் நுண்ணோக்கியால் படம்பிடித்துக் காட்டினார். ஈரலின் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. வேறு உறுப்பில் டி கலம் குழாயை விட்டு வெளியே வந்துதான் வேலை பார்க்கவேண்டும். ஈரலில் அது குழாய்க்குள், ஒட்டியிருக்கும் குருதிச் சிறுதட்டுகளின் மேல் நின்றுகொண்டு, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய நீட்சியை நுழைத்து, அப்பாலிருக்கும் ஈரல் கலத்தைத் தொட்டுப் பார்க்கிறது. தெரிந்த வைரஸ் புரதம் தட்டுப்பட்டால் அங்கேயே நின்று வேலையை ஆரம்பிக்கும்.

அப்படியானால் அந்த அம்மாவின் டி கலங்களுக்கு என்ன வந்தது? அவருக்கு எப்போது தொற்றியது என்பதில்தான் விடை இருக்கிறது. பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து, அல்லது மிகச் சின்ன வயதில். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிலைத்துவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் சுமார் 90 பேருக்கு நிலைத்துவிடும். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒருமுறை திருப்பிக் கேட்பார்கள், அவ்வளவு பெரிய வித்தியாசம். பச்சைக் குழந்தையின் நிர்ப்பீடனம் இன்னும் எது தனது, எது பிறனது என்று பழகிக்கொண்டிருக்கும் பருவம். ஈரலும் பொறுமையான இடம். வைரஸ் அந்த இடைவெளியில் குடியேறிவிடுகிறது. பிறகு அதை அடையாளம் காணும் டி கலங்கள் கொஞ்சம் உருவானாலும், வருடக்கணக்காக ஒரே புரதத்தை ஓயாமல் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகின்றன. கலம் உயிரோடு இருக்கும், வேலைதான் செய்யாது. அதன் மேற்பரப்பில் பி.டி.-1 என்ற தடுப்புப் புரதம் நிறைந்திருக்கும். இந்தச் சோர்வில் பி.டி.-1க்குப் பங்கு உண்டு என்று 2006இல் எலியின் வேறொரு வைரஸில் காட்டியது, ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அஹமதின் ஆய்வகம்.

சோர்வு என்றால் முழுத் தூக்கமும் இல்லை. இடையிடையே டி கலங்கள் அரைகுறையாகக் கிளம்பிக் கொஞ்சம் கலங்களை உடைக்கும், வைரஸைத் துடைத்து முடிக்காமல் அடங்கிவிடும். உடைந்த இடத்தை ஈரல் நார் இழையத்தால் அடைக்கும். இருபது முப்பது வருடம் இப்படியே உடைவதும் அடைப்பதுமாக நடந்தால் ஈரல் முழுக்கத் தழும்பு. அதுதான் சிரோசிஸ். அதிலிருந்து புற்றுநோய்க்கும் வழி உண்டு. லயத்தில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் முதலில் கிளம்பும் பேச்சு கசிப்பு. கசிப்பு ஈரலைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் சொட்டுக்கூடத் தொடாத பெண்ணுக்கும் சிரோசிஸ் வரும் வழி இது. இந்தப் பேச்சுக்குப் பயந்தே கிளினிக் பக்கம் போகாதவர்கள் இருக்கிறார்கள்.

தடுப்பூசியை ஏன் கைக்குழந்தையிலேயே போடுகிறார்கள் என்பது இப்போது புரியும். இலங்கையில் 2003 முதல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தேசியத் திட்டத்தில் இருக்கிறது. இப்போது இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியில் அதுவும் ஒன்று. தாய் பொசிட்டிவ் என்று முன்பே தெரிந்தால் பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே தயார்நிலைப் பிறபொருளெதிரியும் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாய்வான் 1984இல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. 1997இல் கணக்குப் பார்த்தபோது பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மனிதனுக்கு வரும் ஒரு புற்றுநோயைத் தடுப்பூசி குறைத்ததாகக் காட்டிய முதல் சான்று அது.

சியின் கதை வேறு. அந்த ஹார்வி ஆல்டரை மறந்துவிடாதீர்கள். பிளம்பெர்க்கோடு வெள்ளைக் கோட்டைப் பார்த்தவர், அப்புறம் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் ஹெப்படைட்டிஸையே பின்தொடர்ந்தார். 1975இல், அதில் பெரும்பகுதி ஏயும் இல்லை, பியும் இல்லை என்று நிறுவினார். யார் என்று தெரியவில்லை. ஆனால் நோயாளிகளின் இரத்தத்தை உறைகுளிரில் வருடக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்தார். 1989இல் மைக்கேல் ஹௌட்டன் குழு சி வைரஸின் ஜீன் துண்டைக் கண்டுபிடித்துப் பரிசோதனை உருவாக்கியபோது, அதைச் சரிபார்க்க ஆல்டரின் குளிர்பெட்டி தயாராக இருந்தது. 2020இல் ஆல்டர், ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் நோபல். ஆல்டருக்கு அப்போது வயது 85. பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த வயதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

சி வைரஸ் தன் உறையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால் இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து இருக்கிறது. 8 முதல் 12 வாரம் மாத்திரை விழுங்கினால் 95 சதவீதத்துக்கு மேல் முற்றாகக் குணம். வைரஸ் போன பிறகு டி கலங்கள் தெம்பாகிவிடுமா என்று ஆய்வாளர்கள் ஆவலாகப் பார்த்தார்கள். முழுதாக ஆகவில்லை. சோர்வின் அடையாளம் கலத்தின் டி.என்.ஏ. மடிப்பிலேயே பதிந்து நிற்கிறது. குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இவர்கள் மேசையில் அன்றாடம் என்னதான் செய்கிறார்கள்? நோயாளியின் இரத்தத்தை, அடர்த்தியான ஒரு தெளிந்த திரவத்தின் மேல் கலங்காமல் மெதுவாக ஊற்றி, சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் அடியில் செங்குழியங்கள் சிவப்பாகப் படிந்திருக்கும். மேலே மஞ்சள் நிறத் திரவவிழையம். இரண்டுக்கும் நடுவே, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய, கலங்கிய வெள்ளை வளையம் ஒன்று. தேடுவது அதைத்தான், டி கலங்கள் அதில் இருக்கின்றன. குழாயைக் கொஞ்சம் ஆட்டினாலும் வளையம் கலைந்துவிடும், காலை வேலை வீண். உறிஞ்சியெடுத்த கலங்களை வைரஸ் புரதத் துண்டுகளோடு ஒரு நாள் விட்டுவைத்து, இன்டர்பெரோன் சுரந்த ஒவ்வொரு கலத்தையும் ஒரு கரும்புள்ளியாக எண்ணுவார்கள். அந்த இளைஞனின் கிண்ணத்தில் புள்ளிகள் நிறைய. அம்மாவுடையதில் தேடிப்பிடிக்கவேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்கத் தேவையில்லை. ஹந்தானை அடிவாரத்தில் பேராதனையில் மருத்துவ பீடம் 1962 முதல் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. டாக்டரானால்தான் ஆராய்ச்சி என்றும் இல்லை.

கீழாநெல்லியைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்காத லயம் உண்டா? பிளம்பெர்க்கே இதை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து 1988இல் 'லான்செட்'டில் வெளியிட்ட ஆய்வில், பி நிலைத்துவிட்டவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய பரபரப்பு. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் நிலைப்பாடு எளியது: ஏ வந்தவர் கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவருடைய டி கலங்கள் வேலையை முடித்துவிடும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். பி நிலைத்துவிட்டவர் அதை நம்பி கிளினிக்கை விடுவதுதான் ஆபத்து. வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. எப்போது தொடங்குவது என்பதை எஸ்.ஜி.பி.டி., வைரஸ் அளவு, ஈரலின் தழும்பு மூன்றையும் பார்த்து வைத்தியர் சொல்வார்.

கடைசியாக ஒன்று. குணமாகிவிட்டான் என்று சொன்ன அந்த இளைஞனின் ஈரலில் வைரஸ் முழுதாகப் போய்விட்டதா? இல்லை. கலத்தின் கருவுக்குள் வட்ட வடிவ டி.என்.ஏ.யாக ஒரு மிச்சம் தங்கியிருக்கும். அவனுடைய டி கலங்கள் அதை ஆயுள் முழுக்க அடக்கி வைத்திருக்கும். முப்பது வருடம் கழித்து அவனுக்கு ஒரு புற்றுநோய் வந்து கீமோ கொடுக்க நேர்ந்தால், அல்லது மூட்டு நோய்க்கு நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தோ நீண்டநாள் ஸ்டெரொய்டோ கொடுத்தால், அந்தக் காவல் தளரும், வைரஸ் மறுபடி எழும். மருந்தை நிறுத்தியதும் டி கலங்கள் திரும்பி வந்து, வைரஸ் நிறைந்த ஈரலைப் பார்த்து ஒரேயடியாகப் பாயும். இதில் உயிர் போனவர்கள் உண்டு. மேற்பரப்புப் புரதம் நெகட்டிவாக இருக்கும் அவனைக் காட்டிக்கொடுப்பது இன்னொரு பரிசோதனை, வைரஸின் உட்கருப் புரதத்துக்கான பிறபொருளெதிரி. எப்போதோ காமாலை வந்திருந்தால், இப்படிப்பட்ட மருந்து தொடங்கும் முன் வைத்தியரிடம் அதைச் சொல்லி இரண்டு பரிசோதனையையும் எடுக்கக் கேளுங்கள். பொசிட்டிவ் என்றால், ஆபத்தின் அளவைப் பார்த்துத் தேவைப்படுகிறவர்களுக்கு வைரஸ் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள். கீமோ முடிந்த பிறகும் பல மாதம் அது தொடரும்.